தேசிமரம் வில்வமான குளிர்காலம்

எங்கள் மகளின் அறையில் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு காய்ந்த தடி இருந்தது. அதைக் கும்பிட ஆட்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடையில் வரிசையாக நின்றார்கள். இதை ரொறன்ரோவில் இருக்கிற சொந்தக்காரருக்குச் சொன்னால் நான் கூட்டிச் சொல்கிறேன் என்கிறார்கள். அவர்களுக்கு மொன்றியல் என்றால் பிரெஞ்சும் பனியும்தான். அற்புதம் எல்லாம் தங்கள் ஊரில்தான் நடக்கவேண்டும் என்று ஒரு நினைப்பு.

தடி ஆரம்பத்தில் தடியாக இருக்கவில்லை. அது எங்கள் மேல்வீட்டு அக்காவின் கணவர் சாடியில் வளர்த்த தேசிமரம். எலுமிச்சையைத்தான் நாங்கள் தேசி என்போம். அந்த அண்ணை மன்னார்ப் பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கர். துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் இழுக்கிற ட்ரக் ஓடியவர். இடுப்பளவு கன்றாக அதைக் கடையில் வாங்கி வந்து, கோடையில் பால்கனியில் வைப்பார், செப்டெம்பர் பிறந்தால் உள்ளே தூக்குவார். வருடாவருடம் பூக்கும். பூவெல்லாம் கொட்டிவிடும். ஒரு காய் காய்த்தது கிடையாது. அவருக்கு அதைப் பற்றிக் கவலையும் கிடையாது.

"காய் கடையில வாங்கலாம், பிள்ளை. மரம் வாங்கேலுமே?" என்பார்.

மரத்தையும் கடையில்தானே வாங்கினீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். அப்படி ஒரு மனுசன். ஒரு செப்டெம்பரில், மரத்தை உள்ளே தூக்குவதற்கு முன்னரே, அவர் இறந்துபோனார்.

எங்கள் ஆட்களின் செத்தவீடு எப்படி என்று தெரியும்தானே. அடக்கம் முடிந்தபிறகும் முப்பத்தோராம் நாள் வரைக்கும் வீடு நிரம்பி வழியும். பூசைக்குப் பிறகு சாப்பாட்டுக்காக ஒரு மண்டபத்திலிருந்து மடக்குக் கதிரைகள் இரவல் வாங்கி வந்து மேல்வீட்டுப் பால்கனியில் அடுக்கியிருந்தார்கள். சாடியைக் காலால் தள்ளித் தள்ளி மூலைக்குக் கொண்டுபோனவர் யார் என்று இன்றுவரை தெரியாது. எல்லோரும் தள்ளியிருப்பார்கள். ஒக்டோபர் நடுவில் வழமைபோல இரவில் பனி உறைந்தது. கதிரைகளைத் திருப்பிக் கொடுக்கிற அன்று நானும் இவரும் கைகொடுக்கப் போனோம். இவர் என்று நான் சொல்வது என் கணவரை. கடைசிக் கதிரையைத் தூக்கியபோது பின்னால் மரம் நின்றது. இலை எல்லாம் அவித்த கீரைபோலத் தொங்கியது.

செத்தவீடு முழுக்க அக்கா அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கிடைத்ததா, பிள்ளைகள் சாப்பிட்டதா என்றுதான் ஓடித் திரிந்தார். அன்றைக்கு அந்தப் பால்கனியில், திருப்பிக் கொடுக்கவேண்டிய ஒரு கதிரையை விரித்து அதில் இருந்து அழுதார்.

"பிள்ளையள் ரெண்டும் தங்கடபாட்டைப் பாக்குங்கள், தங்கச்சி. இவர் என்னை நம்பி விட்டிட்டுப் போன சீவன் இது ஒண்டுதான். இதையும் நான் சாகவிட்டிட்டன்."

எனக்கு அந்தக் கண்ணீரைத் தாங்க முடியவில்லை. நான் வெடுக்கு வெடுக்கென்று பேசுகிறவள். பூவாண்ட்-கிளேரில் ஒரு பொதிகட்டுகிற பண்டகசாலையில் நாள் முழுக்க ஆட்களை விரட்டிப் பழகிவிட்டது. ஆனால் அக்கா அழுதால் எனக்கும் கண் கலங்கிவிடும். அதனால் யோசிக்காமல் வாயை விட்டேன்.

"எங்கட மகளின்ர அறை சும்மாதான் கிடக்கு. தெற்குப் பக்க யன்னல். இஞ்ச கொண்டு வாங்கோ. பிழைக்க வைப்பம்."

மகள் ரொறன்ரோவுக்குப் படிக்கப் போயிருந்தாள். அவளுடைய கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு மரத்துக்கு இடம் செய்தோம். எங்கள் கட்டடத்தின் வெளி இரும்புப் படியால், சாடியைக் கம்பளியில் சுற்றி, நானும் இவரும் பிடித்துக்கொள்ள, பின்னால் அக்கா செபமாலையோடு இறங்கி வர, கீழ்த்தட்டில் இருக்கிற வீட்டுச் சொந்தக்காரர் தன் தொப்பியைக் கழற்றினார். கம்பளிக்குள் செத்தவர் யாரும் இருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

மரம் வந்த இரண்டாம் வாரமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்களுக்கு நோயாளி ஒருவர் எங்காவது படுத்திருந்தால் போதும், பார்க்கப் போகாமல் விடுவது மரியாதை இல்லை. வெறுங்கையோடு போவதும் மரியாதை இல்லை. அக்கா பூசைக்குப் போகிற கோயில்பற்று ஆட்கள் அப்பிளும் திராட்சையும் கொண்டு வந்தார்கள். ஒருவர் ஒரு பை தோடம்பழம், அதுதான் ஒரேஞ்ச், கொண்டு வந்து சாடிக்குப் பக்கத்தில் வைத்தார். தேசிமரத்துக்குத் தோடம்பழம் கொடுப்பது சரியா என்று எனக்கு ஒரு கேள்வி வந்தது, ஆனால் நாங்கள்தான் சாப்பிட்டோம்.

வந்தவர்கள் கட்டில் விளிம்பில் இருந்து, குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்பார்கள். பிறகு எழும்பிப்போய் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பச்சை தெரிந்தது. அடுத்தவருக்கும் அதைப் பார்க்க ஆசை. அவரும் சுரண்டினார். மாதம் முடிவதற்குள் பனி கெடுக்காத பட்டையை எல்லாம் சனம் சுரண்டி எடுத்துவிட்டது. நான் ஒரு மட்டையில் "தயவுசெய்து சுரண்டவேண்டாம்" என்று எழுதிச் சாடியில் குத்திவைத்தேன். அதை வாசித்துவிட்டு, "ஏன் சுரண்டவேண்டாம்?" என்று கேட்டபடியே சுரண்டினார்கள்.

வைத்தியமும் ஆளுக்கொன்று. வெங்காயத்தோல் ஊறின தண்ணீர், பழஞ்சோற்றுத் தண்ணீர், முட்டைக்கோது. மன்னார் ஆட்கள் மீன் கழுவின தண்ணீர்தான் மருந்து என்று ஒரே முடிவாகச் சொன்னார்கள். யன்னலைத் திறக்க முடியாத குளிரில், கீழே மின்சார ஹீட்டர் எரிய, மேலே மீன்தண்ணீர் ஊற்றின சாடி. அந்த மணத்தை நான் விளக்கப் போவதில்லை. அக்கா தன் பங்குக்கு மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்து பத்திரப்படுத்தியிருந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். இவர் இணையத்தில் தேடி, செடி வளர்க்கிற ஊதா விளக்கு ஒன்று வாங்கி மாட்டினார். வேலை முடிந்து நான் பேருந்தால் இறங்கி வரும்போது, தெருமுனையிலிருந்தே எங்கள் வீட்டு யன்னல் ஊதாவாக எரிவது தெரியும். எனக்கு வெட்கமாக இருக்கும்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை, அக்கா கத்தின சத்தத்தில் இவர் முகச்சவர நுரையோடு ஓடினார். தண்டின் அடியில் பச்சையாக இரண்டு முளை!

அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். இவரைக் கட்டிப்பிடிக்கப் போய் நுரையைப் பார்த்து நின்றுவிட்டார். அன்று பின்னேரம் முழுக்கத் தொலைபேசியில் இருந்தார். "உயிர் வந்திட்டுது... ஓம், ஓம்... இவற்ற மரம்தான்." அவர் அப்படிச் சிரித்ததைச் செப்டெம்பருக்குப் பிறகு நான் அன்றுதான் பார்த்தேன்.

முளை வளர்ந்தது. விடுவிடென்று வளர்ந்தது. பிறகு இலை விரிந்தது. தேசி இலை தனித்தனியாக வரும். இது ஒரு காம்பில் மூன்று மூன்றாக வந்தது. முள்ளும் விரல் நீளத்துக்கு வந்தது. குனிந்து பார்த்தேன். தண்டில் ஒரு புடைப்பு இருந்தது, அது ஒட்டு. முளைத்தது எல்லாம் அந்த ஒட்டுக்குக் கீழே. ஒட்டுமாமரம் இருந்த வளவில் வளர்ந்த எவருக்கும் இதற்குப் படிப்புத் தேவையில்லை. ஒட்டுக்குக் கீழே வருவது அடிமரத்தின் பிள்ளை. கடைக்காரன் குளிர் தாங்கட்டும் என்று ஏதோ ஒரு காட்டுத் தோடையின் வேரில் தேசியை ஒட்டியிருக்கிறான். தேசி செத்தாலும் அடி சாகாமல் முளைக்கிறது.

இதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து நகரமான லவாலிலிருந்து லவால் அன்ரி வந்தார். இவருக்கு அவர் என்ன முறை என்று எனக்கு இவ்வளவு காலத்திலும் பிடிபடவில்லை. ஆனால் ஒவ்வொரு நல்லது கெட்டதுக்கும் ஒரேஞ்ச் லைன் மெட்ரோவில் ஏறி, கைப்பையில் தேங்காயோடு வந்து இறங்கிவிடுவார். அறைக்குள் வந்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மரத்தைப் பார்த்தார். கை தானாகக் குவிந்தது.

"இது வில்வமெல்லோ!"

மூன்று இலை, முள். பார்க்கும்போது வில்வம்தான். அதில் நான் அன்ரியைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இவர் அந்த வார்த்தையைக் கேட்டதும் நிலத்தில் விழுந்து கும்பிட்டார். முதுகுநோவென்று வேலையிலிருந்து முற்கூட்டியே ஓய்வெடுத்தவர், குப்பைப் பை தூக்கச் சொன்னால் குனிய முடியாது என்பவர், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

எனக்குக் கொதி வந்தது. "உங்களுக்கென்ன விசரே? அது ஒட்டுக்குக் கீழ வந்த முளை. அடிமரம்."

இவர் விழுந்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கினார். "அடியில வந்தா அது சிவன் இல்லையே? அடியும் முடியும் தேடித்தானே ரெண்டு பேர் களைச்சவை? இஞ்ச தேடாமலே அடி தெரியுது."

இப்படி ஒரு மனுசனோடு நான் எப்படிக் கதைப்பது? அக்கா மட்டும் வாசல் நிலையைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இவற்ற மரம்?"

அன்ரி தேங்காயை எங்கே உடைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை வீட்டில் சட்டம் மாறியது. மகளின் அறைக்குள் சப்பாத்துப் போடக்கூடாது. மச்சம், அதாவது மீன் இறைச்சி, சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது. மீன்தண்ணீர் அறவே கூடாது. மரம் சைவமாகிவிட்டது. அக்கா வழமைபோல ஒரு கிண்ணத்தில் மீன் கழுவின தண்ணீரோடு வந்தபோது இவர் வாசலில் மறித்தார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. இனி அதுக்கு உது சரிவராது."

"தம்பி, அது ஞானஸ்நானம் குடுத்த வீட்டு மரம். வேதக்கார மரம். அடியில மடு மண் கிடக்கு."

"அடியில மாதா இருக்கட்டும் அக்கா, ஆர் வேண்டாமெண்டது? மேல சிவன் இருக்கிறார்."

"மேல இருக்க வேண்டியது தேசி!"

அவர்கள் இருவரும் வாசலில் நின்று மரத்தின் சமயத்தைப் பற்றி வாதாட, கிண்ணத்திலிருந்த தண்ணீர் என் நடைவிரிப்பில் கொட்டியது. மணம் மாசி முடியும்வரை போகவில்லை.

சனம் முன்னைவிடக் கூடியது. இப்போது அப்பிளுக்குப் பதிலாகப் பூவும் கற்பூரமும் வந்தன. கற்பூரம் கொளுத்தினால் கூரையில் இருக்கிற புகைமணி அலறும். அலறினால், "ஆ, மணி!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகள் காணொளியில் அழைத்து, தன் கட்டிலில் முன்பின் தெரியாத ஐந்து பெண்கள் இருந்து தேவாரம் பாடுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, என்ர அறையை வாடகைக்கு விட்டிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரரும் ஒரு நாள் ஏறி வந்தார். ஊதா விளக்கு, மூடின யன்னல், புகைமணம், நேரகாலமில்லாமல் வந்துபோகிற ஆட்கள். அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கனடாவில் கஞ்சாவைக் கடையில் வாங்கலாம்தான், ஆனால் எங்கள் மாகாணத்தில் வீட்டில் வளர்க்க விடமாட்டார்கள். "பொன்ஜூர், மதாம்" என்றபடி முகத்தை இறுக்கிக்கொண்டு நேராக அந்த அறைக்குப் போனார். கதவைத் திறந்தால் பெண்கள் சுற்றியிருந்து பாடுகிறார்கள், நடுவில் ஒரு சாடி, சாடியில் ஒரு மொட்டைத் தடி, அடியில் முள்ளு முளை, முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழம். மனுசன் கனநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "மதாம், இந்த மரம் செத்துப்போச்சு" என்று பிரெஞ்சில் மிகப் பரிவாகச் சொன்னார். வாழைப்பழம் இரண்டு கொடுத்து அனுப்பினேன்.

ஆனால் மரம் முழுதாகச் செத்திருக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தது அக்கா. ஒட்டுக்கு மேலே, சனம் சுரண்டாமல் விட்ட ஒரு கணுவில், கடுகளவு ஒரு பச்சை மொட்டு. அது ஒன்றுதான் தேசி. அது ஒன்றுதான் அண்ணையின் மரம். அக்கா தினமும் வந்து அதைப் பார்த்தார். அது வளரவில்லை. கீழே வில்வம் என் நெஞ்சளவுக்கு வந்துவிட்டது. சாடியில் இருக்கிற தண்ணீரையும் சத்தையும் எல்லாம் அதுவே குடித்தது. மேலே கடுகு வரவர மஞ்சளாகியது.

நான் இவரிடம் நேராகவே சொன்னேன். "கீழ் முளையை அடியோட வெட்டினாத்தான் மேல்முளை பிழைக்கும். வெட்டாட்டி இன்னும் கொஞ்ச நாளில அதுவும் கருகும்."

"வில்வத்தை வெட்டுறதோ? இந்த வீட்டிலயோ?"

"அது வில்வமில்லை!"

"இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

யாரும் சொல்லவில்லைத்தான். நானே வெட்டியிருக்கலாம். வெட்டினால் என் வீட்டில் இவர் சாப்பிடமாட்டார், அன்ரி பேசமாட்டார், நாளைக்கு மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அது என் கத்தியால் வந்ததாகும். அதனால் நான் வேறு வழி பார்த்தேன். சிவராத்திரி வரப்போகிறது. சிவராத்திரிக்கு வில்வம் வேண்டும். பக்தர்களே ஆய்ந்து கொண்டுபோனால் முளை மொட்டையாகிவிடும், பாவமும் புண்ணியமும் அவர்களோடு. எவ்வளவு கெட்டித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அன்ரிக்குத் தொலைபேசி எடுத்து, வேண்டியவர்கள் வேண்டியமட்டும் வந்து பறிக்கலாம் என்றேன்.

"திங்கட்கிழமை வில்வம் பறிக்கக்கூடாது" என்றார் அன்ரி.

"செவ்வாய் வாங்கோ."

"அட்டமி."

"புதன்?"

"நவமி. அங்கால மாசப்பிறப்பு எப்ப எண்டு பாக்கவேணும். சிவராத்திரி அண்டைக்கும் பறிக்கேலாது, முதலே பறிச்சு வைக்கவேணும்."

கடைசியாக ஒரு நாள் தேறியது. அன்று அன்ரியோடு பத்துப் பெண்கள் குளித்து, ஈரத்தலையில் குளிர்த்தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் எல்லோருக்கும் பெரிய பெரிய பைகள் எடுத்து வைத்திருந்தேன். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்து கும்பிட்டு, மரத்திடம் மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு ஒரே ஒரு இலை பறித்தார்கள்.

"இவ்வளவும் போதுமே? இன்னும் பறியுங்கோவன்" என்றேன். எனக்குக் குரல் கீச்சிட்டது.

"போதும் பிள்ளை. வில்வத்துக்கு ஒரு விசேசம் இருக்கு. சாத்தினதைக் கழுவித் திருப்பித் திருப்பிச் சாத்தலாம்."

போதாக்குறைக்கு, பறித்த இடங்களில் எல்லாம் அடுத்த நாட்களில் இரண்டு இரண்டாகத் துளிர்த்தது. "பாத்தியே?" என்றார் இவர். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரம் கழுவினேன். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்ததா, மேலே இருக்கிற அந்தக் கடுகை நினைத்து வந்ததா என்று தெரியவில்லை.

சிவராத்திரி இரவு முழுக்க இவர் கோயிலில் கண்விழித்தார். விழித்தவர் மறுநாள் பொழுதுபடும்வரை தூங்கக்கூடாது. தூங்கினால் விழித்த பலன் போய்விடும். காலையில் வீட்டுக்கு வந்து, மகளின் அறையில் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு நிமிர்ந்து இருந்தார். தலை சரியும், திடுக்கிட்டு நிமிரும். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. இவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தார். சப்பாத்தைக் கழற்றியிருந்தார். கையில் மீன் செட்டை வெட்டுகிற கத்தரிக்கோல்.

இவருக்கு நித்திரை பறந்துவிட்டது. "அக்கா! அது வில்வம்!"

"தம்பி, நீங்கள் சொன்னா சரி. நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

அக்கா கட்டில் விளிம்பில் இருந்தார். கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டார். குரல் உயரவில்லை.

"ஆஸ்பத்திரியில இவற்ற நெஞ்சு நல்ல வடிவா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வந்து பாத்த ஆக்கள் எல்லாரும், மூச்சு வருது, மாதா கைவிடமாட்டா எண்டிச்சினம். பக்கத்தில இருந்த எனக்குத் தெரியும், அது மெஷின்ர மூச்சு. மெஷின் நல்லா விட்டது. இவர் விடேல்லை. டொக்டர் என்னைத்தான் கேட்டார். நான்தான் நிப்பாட்டச் சொன்னனான்."

இதை அவர் அதுவரை எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் தேத்தண்ணீர்க் கோப்பையை யன்னலடியில் வைத்தேன்.

"அண்டைக்கு அந்த மெஷினுக்கு மேல இவற்ற உயிர் கடுகளவு இருந்திருந்தா, நான் நிப்பாட்ட விட்டிருப்பனே தம்பி? இருக்கேல்லை. அதாலதான் நிப்பாட்டினன். இதில இருக்கு. கண்ணால தெரியுது. இந்த முறை நான் மெஷினைப் பாத்துக்கொண்டு இருக்கமாட்டன். நீங்கள் ஏதும் சொல்லிக் கும்பிடவேணுமெண்டா முதல் கும்பிடுங்கோ. நான் பொறுக்கிறன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இவர் எழும்பி, கதிரையைத் தள்ளி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேவாரம் பாடினார். நித்திரைக் குரலில், ஒரு அடியை இரண்டு தரம் பாடி, நடுவில் இடறி, பாடி முடித்தார். அக்கா சிலுவை அடையாளம் போட்டார். பிறகு குனிந்து, முள் கையில் கீற, ஒவ்வொரு முளையாக அடியோடு நறுக்கினார். மீன் கத்தரிக்கோல் நல்ல கூர்.

வெட்டின கிளைகள் கட்டிலில் கிடந்தன. அதைக் குப்பையில் போட இவருக்கு மனமில்லை, எனக்கும் கை வரவில்லை. கோயிலுக்குக் கொண்டுபோகவா என்று இவர் கேட்டார்.

"வேண்டாம், என்னட்டைத் தாங்கோ" என்றார் அக்கா. "இவ்வளவு நாளும் வேரைச் சாகவிடாமப் பிடிச்சு வைச்சிருந்தது இதுதானே. அந்த மெஷினுக்கும் நான் ஒரு நன்றி சொல்லேல்லை."

கீறின கையோடு அந்த முள்ளுக் கட்டை அணைத்துக்கொண்டு படியேறினார். பிறகு நான் போய்ப் பார்த்தபோது, திருஇருதயப் படத்துக்குக் கீழே, அண்ணையின் படத்துக்குப் பக்கத்தில், ஒரு தண்ணீர்ப் போத்தலில் அது நின்றது. நான் இறங்கி வந்தபோது இவர் கதிரையில் இருந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். வெளியே நல்ல வெயில், பொழுதுபட இன்னும் கனநேரம் இருந்தது. நான் எழுப்பவில்லை.

சனம் வருவது நின்றது. லவால் அன்ரி கொஞ்சக் காலம் என்னோடு கதைக்கவில்லை. புகைமணி அமைதியாக இருந்தது. அக்கா மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் வந்து, சுரண்டாமல், தொடாமல், கட்டிலில் இருந்து பார்த்துவிட்டுப் போவார். இப்போது மீன்தண்ணீர் ஊற்றினாலும் இவர் தடுக்கமாட்டார் என்று தெரிந்தும் அவர் வெறும் தண்ணீர்தான் ஊற்றினார். கடுகு கடுகாகவே இருந்தது. பங்குனி முழுக்க அப்படியே இருந்தது. வெட்டினது பிழையோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அக்காவின் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயம்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு காலை, யன்னலைத் துடைக்கப் போனபோது கண்டேன். ஒட்டுக்கு மேலே, ஒரு இலை. ஒற்றை இலை. என் சின்னவிரல் நகமளவு, மினுங்கிக்கொண்டு. நான் செருப்பில்லாமல் இரும்புப் படியில் ஓடி மேலே போய்க் கதவைத் தட்டினேன். கீழே கையைக் காட்டினேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

அறைக்குள் வந்து மரத்துக்கு முன்னால் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். வேலை முடிந்து வீட்டுப்படி ஏறி வருகிற மனுசனிடம் கேட்கிற அதே சாதாரணக் குரலில் அந்த இலையைப் பார்த்துக் கேட்டார்.

"வந்திட்டீங்களோ?"

பிறகு என் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி வை, தங்கச்சி" என்றார். நான் குசினிக்குப் போனேன். எத்தனை கோப்பை எடுப்பது என்று எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.